ஏரிக்கு இரண்டாம் முறை

கழிப்பறை எந்தப் பக்கம் என்று சாருவுக்கு எப்படித் தெரிந்தது? நெசவு வீட்டின் மரப்படியிலிருந்து படகு விலகி, என்ஜின் இருமி இருமிப் பிடித்துக்கொண்டு, பின்னால் தண்ணீரை வாரி அடிக்கத் தொடங்கிய பிறகும் பூங்கோதைக்கு அந்தக் கேள்வி உள்ளேயே நின்றது. சாதாரண விஷயம்தான். பதினான்கு வயதுப் பெண், அவசரம், போனாள், வந்தாள். ஆனால் அவள் போன விதம் சாதாரணமாக இல்லை. தோள்பையைக் கழற்றி அப்பாவிடம் நீட்டிவிட்டு, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், தறிகளுக்கு நடுவே இருந்த சந்தில் நுழைந்து, சாயப் பானைகள் வைத்திருந்த மூலையில் இடது பக்கம் திரும்பி, மூங்கில் தட்டிக்குப் பின்னால் இருந்த கதவின் அடியைக் காலால் ஒரு எத்து எத்தி, அப்புறம் தள்ளிக்கொண்டு போனாள். அந்த எத்துதான் பூங்கோதையைப் பிடித்துக்கொண்டது. அது அடி பிடிக்கிற கதவு, கீழே தரையோடு இறுகிக்கொள்ளும். சற்று முன்னால் பூங்கோதையே அதே இடத்தைத் தேடிக் கடைப் பெண்ணிடம் சைகை காட்டி, அவள் இன்னொருத்தியைக் கூப்பிட்டு, அந்த இன்னொருத்தி தாமரைத் தண்டை ஒடித்து நூல் இழுத்துக்கொண்டிருந்த பலகையை விட்டு எழுந்து வந்து வழிகாட்டி, கதவு திறக்காமல் இவள் திணறியபோது சிரித்துக்கொண்டே காலால் எத்திக் காட்டியிருந்தாள். சாரு அப்போது கடையில் சால்வைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் பார்த்திருக்க முடியாது. பார்த்திருக்கலாமோ? இல்லை, கடையிலிருந்து பார்த்தால் தறிகள் மறைக்கும். பார்க்கவில்லை. முதல் முறை வருகிற யாரும் ஒரு கதவைக் கையால் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் காலைத் தூக்குவார்கள்.

படகு ஒல்லியாக, நீளமாக இருந்தது. ஒருவர் பின் ஒருவராக மர நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முன்னால் சத்தியசீலன், நடுவில் சாரு, கடைசியில் பூங்கோதை. அவளுக்குப் பின்னால் என்ஜினோடு படகோட்டி ஸா. காலையில் விடுதித் துறையில் ஏறும்போது, இது என்ன குடும்பமாக வந்தவர்களை வரிசையில் நிற்க வைத்ததுபோல் இருக்கிறதே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை. புருஷனின் கழுத்துக்குப் பின்னால் முடி வெட்டிய கோடு தெரிந்தது. பெண்ணின் பின்னல் காற்றில் பக்கவாட்டில் அடித்துக்கொண்டது. முகம் எதுவும் தெரியவில்லை. கேட்டாலும் காதில் விழாது, டீசல் என்ஜின் அப்படிக் கத்தியது. ஏரி இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. எங்கோ தூரத்தில் மலை நீலமாகக் கிடந்தது, நடுவெல்லாம் வெளிச்சம், தண்ணீர் என்று சொல்ல முடியாத ஒரு வெள்ளை. அவளுக்கு நீச்சல் தெரியாது. கவிழ்ந்தால் இந்த வரிசையில் யார் யாரைப் பிடிப்பார்கள் என்று மனம் போயிற்று. அவர் திரும்புவார், சாருவைப் பிடிப்பார். சரி, அதுதானே முறை, பெண்ணைத்தானே பிடிக்கணும், நானும் அவளைத்தான் பிடிக்கச் சொல்லுவேன், என்று அவளே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். நடக்காத விபத்துக்குச் சொன்ன அந்தச் சமாதானம் அவளுக்கே போதவில்லை.

"அங்க தாமரைத் தண்டுல நூல் எடுத்து நெய்யறாங்களாம் கோதை. நம்ம தொழிலுக்கும் ஒரு உபயோகம். வெளிநாடு பாத்த மாதிரியும் ஆச்சு." ஈரோட்டில் போர்வை, துண்டு மொத்த வியாபாரம் செய்கிற சத்தியசீலன் பயணத்துக்கு முன்னால் அப்படிச் சொன்னதில் என்ன சந்தேகம் வரும்? சாப்பாட்டு மேஜையில், மோரை ஊற்றிக்கொண்டே சொன்னார். நெய்யறாங்களாம். யாரோ சொல்லக் கேட்டவர் மாதிரி ஒரு 'ஆம்'. கண்ணால் பார்த்த எவனும் அந்த 'ஆம்' போட மாட்டான். நேரில் பார்த்துவிட்டு, அதைச் சாமர்த்தியமாகக் கடைசியில் ஒட்டி, கேள்விப்பட்டதாக்கிவிட்டார். அப்படியா? இல்லை, நான்தான் கதை கட்டுகிறேனா? வங்கியின் கோபி கிளையில் வருஷக்கணக்காகக் கையெழுத்தை ஒத்துப் பார்க்கிற வேலை அவளுக்கு. சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் நல்ல கையெழுத்தும் நடுங்குகிற மாதிரித்தான் தெரியும். ஆனாலும் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. "ஏரில காலைல குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கோ" என்றார். எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறார் என்று அப்போது நெகிழ்ந்தாள். விமான நிலையத்தில் வாடகைக் கார்க்காரர்கள் மொய்த்தபோது அவர்களைத் தாண்டி, வழி தெரிந்தவர்போல் நேரே வெளிப்பக்கம் நடந்தார். விடுதியில் சாரு மாடி வேண்டாம், தண்ணீரைப் பார்த்த கீழறைதான் வேண்டும் என்றாள். அறையைப் பார்ப்பதற்கு முன்பே சொன்னாள். தறி வீட்டில் அந்தத் தண்டை ஒடித்து வெள்ளை இழையை இழுத்துக் காட்டியபோது பூங்கோதைதான் ஐயோ என்று வியந்தாள். சிலந்தி நூல்போல ஒன்று, பிசின்போல ஒன்று, அதை ஈரப் பலகையில் உருட்டி உருட்டித் திரித்தபோது அவளுக்கு உடம்பே கூசிற்று. மற்ற இருவரும் பேசாமல் நின்றார்கள். தொழில்காரர், நூலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் இங்கே முன்னால் வந்திருக்கிறார்கள். இரண்டு பேர் என்றால் மூன்று பேர்.

பெயரைச் சொல்லாமலே அது வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. ரேணுகா. பூஜை அறைப் படத்தில் மாங்காய் நெக்லஸ் போட்டு, யாரோ பக்கத்தில் சொன்ன எதற்கோ சிரிக்கப் போகிற முகம். கல்யாணம் முடிந்து அந்த வீட்டுக்குப் போன அன்று மாமியார், "விளக்கேத்திட்டு அவளையும் கும்பிட்டுக்கோ அம்மிணி" என்றார். கும்பிட்டாள். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. கோபித்துக்கொள்ளாதீங்க என்று வேண்டிக்கொண்டாள். முப்பத்தொன்பது வயதில் கல்யாணம். பார்த்த மாப்பிள்ளைகள் எல்லாம் தட்டிப்போய், பிறகு பார்ப்பதையே விட்டு, அம்மாவும் அவளும் ஒரு வீட்டில் இரண்டு கடிகாரம்போல் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இந்தப் பேச்சு வந்தது. நல்ல மனுஷன், ஒரே பெண், மனைவி நோயில் போய்விட்டாள். சத்தியசீலன் பெண் பார்க்க வந்தபோது, "எம் பொண்ணுக்கு அம்மா தேடி நான் வரலீங்க, எனக்குத்தான் தனியா சாப்பிட முடியல" என்றார். அந்த வார்த்தைக்காகத்தான் அவள் சரி என்றாள். அந்த வீட்டுச் சமையலறையில் எல்லாம் கொஞ்சம் உயரத்தில் இருந்தது. கரண்டி மாட்டும் கம்பி, டம்ளர் அடுக்கும் தட்டு, சுவிட்சுகூட. ரேணுகா உயரமானவள். தினமும் டம்ளருக்குக் குதிகாலைத் தூக்கும்போதெல்லாம் அந்த உயரம் எவ்வளவு என்று பூங்கோதையின் உடம்புக்கே தெரியும். இறக்கி மாட்டச் சொல்லியிருக்கலாம். ஆசாரி வந்தால் ஒரு மணி நேர வேலை. சொல்லவில்லை. சொன்னால் அவர் உடனே செய்வார். சாரு பள்ளியிலிருந்து வந்து பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்த ஒன்றும் சொல்லாததற்குப் பயந்துதான் ஒரு வருஷமாகக் குதிகாலைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள். சித்தி என்று கூப்பிடச் சொல்லி அத்தைகள் சேர்ந்து முடிவு பண்ணிக் கொடுத்தார்கள். சாரு மறுக்கவில்லை. தப்பில்லாமல், மரியாதையோடு, பேருந்தில் நிறுத்தத்தின் பெயர் கேட்பதுபோல் கூப்பிடுகிறாள்.

தண்ணீர் மேலேயே தோட்டம் வந்தது. களையும் சேறும் சேர்த்துப் பாத்தியாகக் கட்டி மிதக்க விட்டு, மூங்கில் குத்தி நிறுத்தி, அதில் தக்காளி போட்டிருந்தார்கள். படகு போட்ட அலையில் பாத்திகள் முழுதும் மெதுவாக மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கின. வேர் விட்ட மண்ணே ஆடுகிறது, காய்க்கவும் செய்கிறது. முன்னாலிருந்து சத்தியசீலன் திரும்பி, கைப்பேசியை உயர்த்தி, சிரி என்று கையால் சைகை காட்டினார். பூங்கோதை சிரித்தாள். சாரு திரும்பவில்லை, தோளை மட்டும் சற்று ஒதுக்கி, பின்னால் இருப்பவள் படத்தில் விழ இடம் விட்டாள். இந்தப் படத்துக்கு அந்தக் கைப்பேசியில் எங்கேயோ ஒரு ஜோடி இருக்கும். இதே தக்காளி, இதே மலை. அங்கே கடைசி நாற்காலியில் ரேணுகா உட்கார்ந்திருப்பாள். நடுவில் சின்னப் பெண். அவரும் இப்படியே திரும்பி, இப்படியே சிரி என்று காட்டியிருப்பார். நான் உட்கார்ந்திருக்கிற இந்த இடம் எனக்காகப் போட்டதா, காலியாக இருந்ததால் கொடுத்ததா? ஏன் சொல்லவில்லை? நான் என்ன கோபித்துக்கொள்கிறவளா? அழுகிறவளா? சொல்லியிருந்தால் ஒரு நிமிஷம் சுருக்கென்று இருந்திருக்கும், அப்புறம் சரியென்று வந்திருப்பேன். இப்போது நான்தான் ஒன்றும் தெரியாமல் தாமரை நூலைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றிருக்கிறேன். அவர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். கோபம் இப்போதுதான் வந்தது. வந்த கோபத்தை யார் மேல் போடுவது? இறந்துபோனவள் மேல் போட முடியாது. சின்னப் பெண் மேல் போட முடியாது. மிச்சம் அந்த முடி வெட்டிய கழுத்து ஒன்றுதான். அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். பாவமாகவும் இருந்தது அந்தக் கழுத்து.

ஏரி நடுவில் இருந்த பெரிய புத்தர் கோயிலில் படகு நின்றது. உள்ளே மேடையில் ஐந்து சிலைகள். சிலை என்று சொன்னால்தான் தெரியும். வருகிறவர்கள் எல்லாம் தங்க ரேக்கு வாங்கி ஒட்டி ஒட்டி, முகமும் கையும் மறைந்து, பொன்னில் பிடித்த கொழுக்கட்டைகள்போல் இருந்தன. மேடைக்கு ஆண்கள் மட்டும்தான் போகலாம் என்று பலகை வைத்திருந்தார்கள். பெண்கள் கீழே பாயில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார்கள். "நான் ஒட்டிட்டு வந்துடறேன்" என்று சத்தியசீலன் மேலே போனார். ஒரு வருஷத்தில் இவளும் சாருவும் மட்டும் தனியாக ஓரிடத்தில், சமையல் இல்லாமல், வீட்டுப்பாடம் இல்லாமல் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை என்று பூங்கோதைக்குப் பட்டது. கேட்கக் கூடாது என்று நினைத்தாள். அவரிடம்தான் கேட்க வேண்டும், பெண்ணிடம் கேட்பது அநியாயம். ஆனால் மேலே அவர் குனிந்து எதையோ பொறுமையாக அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க அவளால் பொறுக்க முடியவில்லை.

"சாரு, நீ இங்க முன்னாடி வந்திருக்கியா?"

சாரு நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா சொல்லிட்டாரா?"

"இல்ல. அந்தக் கதவை நீ காலால எத்துனே."

சாரு தலையைத் தூக்கினாள். சிரிப்பு வருகிற மாதிரி வாய் கோணி, வராமல் நின்றது. "அம்மாவுக்கு அன்னிக்கு அடிக்கடி போகணும்போல இருந்துச்சு. அப்பா உள்ள வர முடியாதுல்ல, லேடீஸ் டாய்லெட். நான்தான் கூட்டிட்டுப் போனேன். நாலஞ்சு தடவை. அந்தக் கதவு திறக்கவே திறக்காது." மறுபடி நகத்தைப் பார்த்தாள். "அப்ப எனக்கு எட்டு வயசு. ட்ரீட்மென்ட் முடிஞ்சு அம்மா நல்லாத்தான் இருந்தாங்க. எங்கயாச்சும் தூரமாப் போலாம்னு கேட்டாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கண்ணு. அப்பாவாச்சும்..."

"நான்தான் சொல்ல வேணாம்னு சொன்னேன். இங்க வரணும்னு கேட்டதும் நான்தான்." குரல் தட்டையாக, வேகமாக வந்தது, பல தடவை உள்ளே சொல்லிப் பார்த்த பாடம்போல. "சொல்லியிருந்தா நீங்க பாவமா மூஞ்சிய வெச்சுட்டு எங்கூடவே வந்திருப்பீங்க. எல்லாரும் அப்படித்தான் வெச்சுக்கறாங்க. எனக்கு அது வேண்டாம். உங்ககூட வந்தா இந்த எடம் எனக்கு எப்படி இருக்கும்னு பாக்கணும்னு தோணுச்சு."

"எப்படி இருக்கு?"

"தெரியல." அண்ணாந்து பொன் உருண்டைகளைப் பார்த்தாள். "சின்னதா இருக்கு. அப்ப ரொம்பப் பெருசா இருந்துச்சு."

பூங்கோதைக்கு என்ன முகம் வைப்பது என்று தெரியவில்லை. பாவமாக வைக்கக் கூடாது, அதை இப்போதுதான் சொல்லிவிட்டாள். முகத்தை அப்படியே பாயின் பின்னலுக்குத் தாழ்த்தினாள். எட்டு வயதுப் பெண் அம்மாவின் கையைப் பிடித்துத் தறிகளுக்கு நடுவே போகிறாள், கதவை எத்துகிறாள், வெளியில் நின்று காத்திருக்கிறாள். இந்தப் பக்கம் எவ்வளவு நேரம், அந்தப் பக்கம் என்ன சத்தம்? அவ்வளவு நேரமும் தான் படகில் தூக்கிக்கொண்டு வந்த கோபம் ஒரு பெரிய மூட்டைபோல, இறக்கி வைக்க இடம் இல்லாமல் கையிலேயே இருந்தது. அதை எங்கேயாவது போட்டால் இந்தப் பெண்ணின் கால் மேல்தான் விழும்.

"ஒரு வீடு இருக்கு," என்றாள் சாரு, கேட்காமலே. "சுருட்டு சுத்தற வீடு. அங்க அம்மாவுக்கு மயக்கம் வந்துடுச்சு. அந்த வீட்டுக்காரங்க பாய் போட்டுப் படுக்க வெச்சாங்க. சாயங்காலம் வரைக்கும் அம்மா தூங்குனாங்க. அவங்க அவ்வளவு நல்லாத் தூங்கி நான் அப்புறம் பாக்கவே இல்ல. அந்த வீட்டைப் பாக்கணும். அப்பா வேணாங்கறாரு. எல்லா எடமும் போலாம், அது மட்டும் வேண்டாம்னுட்டாரு."

சத்தியசீலன் கட்டை விரலில் தங்கத் துகளோடு இறங்கி வந்தார். முகம் கழுவினவர்போல் இருந்தார். "அடுத்து வெள்ளி வேலை பாக்கலாமா? மீன் மாதிரி டாலர் பண்றாங்களாம், அசைச்சா வால் ஆடுமாம்."

மறுபடியும் அந்த 'ஆம்'. பூங்கோதை எழுந்து நின்றாள். "சுருட்டு சுத்தற வீட்டுக்குப் போலாமுங்க."

அவர் அவளைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். வேட்டி என்று நினைத்துக் கட்டை விரலைப் பேண்ட்டில் துடைத்தார். "கோதை, நான் சொல்லணும்னுதான் இருந்தேன். ஒவ்வொரு நாளும்..."

"அப்புறம் சொல்லுங்க. இப்பப் போலாம்."

"அங்க போயி என்ன பண்றது? அந்த நாளு உனக்குத் தெரியாது. இவ அழுதா நான் எப்படி..." கோயிலுக்கு வந்த கூட்டம் அவர்களைச் சுற்றிப் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. பெண் அழுதுவிடுவாளோ என்று பயப்படவில்லை இந்த மனுஷன், தான் அழுதுவிடுவோம் என்று பயப்படுகிறார், அதுவும் என் எதிரில் அழுதுவிடுவோம் என்று. பூங்கோதைக்கு அது ஒரே வீச்சில் புரிந்தது. புரிந்ததும் வலித்தது. ஒரு வருஷமாக அவர் தன் எதிரில் அழாமல் இருந்திருக்கிறார். அதை மரியாதை என்று நினைத்திருக்கிறார். நானும் கம்பியை இறக்கி மாட்டச் சொல்லாமல் இருந்ததை மரியாதை என்றுதான் நினைத்தேன். இரண்டு மரியாதைக்காரர்களுக்கு நடுவில் ஒரு பெண் ஒன்றும் சொல்லாமல் வளர்கிறாள்.

படகு கால்வாய்களுக்குள் நுழைந்தது. கால் முளைத்த வீடுகள் இரண்டு பக்கமும் தண்ணீரில் நின்றன. வீட்டுக்கு வீடு துணி காய்ந்தது, ஒருத்தி படியில் குந்தி அரிசி களைந்தாள். சுருட்டு வீடுகளே நிறைய இருந்தன, எல்லாவற்றின் முன்னாலும் ஒரே மாதிரிப் பலகை. சாரு நாற்காலியின் நுனிக்கு வந்து ஒவ்வொன்றையும் பார்த்துத் தலையாட்டி இல்லை இல்லை என்றாள். பூங்கோதைக்கு அந்த வீடு கிடைக்கக் கூடாது என்று ஒரு மனம் வேண்டியது. இடிந்திருக்கட்டும், யாரோ வாங்கிக் கடையாக்கியிருக்கட்டும், இவ்வளவு தூரம் வந்தோம் என்ற பெயரோடு திரும்பிவிடலாம். கிடைத்தால் அந்த வீட்டில் நான் எங்கே நிற்பது? வாசலிலா? படகிலேயே இருந்துவிடட்டுமா? தலைவலி என்று சொல்லலாம். இவர்கள் இரண்டு பேரும் உள்ளே போய் அழுதுவிட்டு வரட்டும், நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நல்லவள் என்ற பெயரும் கிடைக்கும். இருந்துவிடு என்று ஒரு மனம், நீ போகாமல் இருந்தால் அந்தக் கதவு உனக்கு எப்போதும் அடி பிடித்துத்தான் கிடக்கும் என்று இன்னொரு மனம். அதற்குள் சாரு கையைத் தூக்கிவிட்டாள். "அதுதான். அந்தத் தேர்ப்படம் மாட்டின ஜன்னல்." ஸா என்ஜினை அணைத்தான். காதுக்குள் திடீரென்று இவ்வளவு அமைதி விழுந்ததில் பூங்கோதைக்குத் தன் மூச்சே பெரிதாகக் கேட்டது.

உள்ளே பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து மடியில் தட்டு வைத்துச் சுருட்டு சுற்றிக்கொண்டிருந்தார்கள். அன்னாசிப்பூ வாசமும் புகையிலைக் காரமும் கலந்து மூக்கில் ஏறிற்று. இலையை எடுத்து, தூளை வைத்து, ஒரு உருட்டு, ஒரு கிள்ளு, யாரும் கையைப் பார்க்கவேயில்லை, பேசிச் சிரித்துக்கொண்டே செய்தார்கள். பூங்கோதை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சத்தியசீலன் குனிந்து நுழைந்தபோது, மூலையில் சுருட்டுகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்த, கன்னத்தில் சந்தனம்போல மரப்பட்டை விழுது பூசியிருந்த, ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அவருடைய மீசையைப் பார்த்தாள். சாருவைப் பார்த்துக் கையால் முதலில் இடுப்பளவும், பிறகு தோளளவும் காட்டி, வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் வாசலைப் பார்த்தாள். பார்த்ததும் கையில் இருந்த கட்டு விழ, எழுந்து, உட்கார்ந்திருந்த பெண்களின் கால்களைத் தாண்டித் தாண்டி ஓடி வந்து, பூங்கோதையின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள். பேச்சு மளமளவென்று கொட்டிற்று. ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அந்தக் கண்ணில் இருந்த சந்தோஷம் புரிந்தது.

ஸா பின்னாலிருந்து தனக்குத் தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னான். "அவங்க சொல்றாங்க, அன்னிக்கு ரொம்ப நோய். தலையில துணி கட்டியிருந்தது. இங்க தூக்கம். இவங்க பயம். தினமும் நினைச்சாங்க, அந்த இந்தியா அம்மா என்ன ஆச்சு, என்ன ஆச்சு. இன்னிக்கு முடியெல்லாம் வந்தாச்சு. நல்லா ஆயாச்சு. அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம்."

"நோ நோ," என்றார் சத்தியசீலன். "ஷீ இஸ் நாட்..." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. இவள் யார் இல்லை என்பதைச் சொல்ல வேண்டும், அதைச் சொன்னால் அவள் என்ன ஆனாள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த அம்மாள் அவரைப் பார்த்தாள், ஸாவைப் பார்த்தாள், சிரிப்பில் லேசாக ஒரு கேள்வி விழத் தொடங்கியது. சாரு சட்டென்று பூங்கோதையின் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் அழுந்தியது. "வேண்டாம் சித்தி," என்றாள் மூச்சுக்குள். "சொல்ல வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லுங்க. ப்ளீஸ்."

நான் இங்கே இல்லை என்று பூங்கோதைக்குத் தோன்றியது. இந்த ஏரியில், இந்த வீட்டில், என் பெயரில் யாரும் வரவேயில்லை. என் முடியை அவள் முடி வளர்ந்ததாகப் பார்க்கிறார்கள். உயரம் குறைந்ததுகூடத் தெரியவில்லை, அன்று அவள் படுத்தேதானே இருந்திருப்பாள். ஒரு வருஷமாக எதற்கு நடுங்கினேனோ அதுவே கை நீட்டி வந்து கன்னத்தைப் பிடித்திருக்கிறது. நான் அவளில்லை என்று கத்த வேண்டும்போல் நெஞ்சு திமிறிற்று. இந்த மணிக்கட்டில் அழுந்துகிற விரல்கள் மட்டும் இல்லாவிட்டால் கத்தியிருப்பாள். ஆனால் அந்த விரல்கள் இருந்தன. அவளை இதுவரை இவ்வளவு கெட்டியாக அவை பிடித்ததில்லை.

அவள் ஸாவின் பக்கம் திரும்பினாள். "ஆமான்னு சொல்லுங்க," என்றாள் ஆங்கிலத்தில். குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. "நல்லா ஆயிட்டேன்னு சொல்லுங்க. அன்னிக்குப் பாத்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றின்னு சொல்லுங்க."

ஸா சொன்னான். சுருட்டு சுற்றிய பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். அந்த அம்மாள் புறங்கையை இவள் நெற்றியில் வைத்துப் பார்த்தாள், கழுத்தில் வைத்துப் பார்த்தாள், சுடவில்லை என்று எல்லாருக்கும் காட்டுவதுபோல் கையை ஆட்டிச் சிரித்தாள். ஜன்னலோரத்தில் பாயை உதறி விரித்து, இங்கேதான், இங்கேதான் என்று தட்டினாள். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, தோளை அழுத்தினாள். மறுக்கப் பூங்கோதையிடம் பலம் இல்லை. படுத்தாள். பலகைத் தரையின் இடுக்கில் தண்ணீர் தட்டும் சத்தம் முதுகுக்குக் கீழே கேட்டது. சத்தியசீலன் வாசலுக்கு வெளியே போய் முகத்தைச் சுவரோடு வைத்துக்கொண்டு நின்றார், தோள்கள் குலுங்கின. அவர் அழுகிறார், என் எதிரில்தான் அழுகிறார், என்று நினைத்தபடி அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கால்மாட்டில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். பாய் அமுங்கியது. ஒரு கை தயங்கி அவள் பாதத்தின் மேல் விழுந்தது, அப்புறம் அதன் மேல் ஒரு நெற்றி, அப்புறம் சூடாகக் கண்ணீர். சாரு விம்மி விம்மி, எட்டு வயதுக் குழந்தைபோல, அம்மா அம்மா என்று அழுதாள். பூங்கோதை அசையவில்லை. மூச்சைச் சீராக விட்டுக்கொண்டு, தூங்குகிறவள்போலவே கிடந்தாள். தான் கண்ணைத் திறந்தால் அந்தக் குழந்தையின் அம்மா இன்னொரு தடவை செத்துப்போவாள் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.